கட்டடத் திணையியல்

பாயிரம்

நூல் எழுதப் புகுவோர் நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய மூன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. நுதலிய பொருள்: கட்டுமானத் துறையினர் கணினிக்குள் வளர்க்கும் இரண்டு உலகங்கள். ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் முறைமை ஒன்று. பிம் எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி மற்றொன்று. கேட்போர்: டிராயிங்கைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இந்தக் குழாய் எங்கேய்யா போகுது?" என்று சைட்டில் கேட்டு நிற்கும் அனைவரும். பயன்: அவர்களுக்கு விடை கிடைக்காது, ஏன் கிடைக்கவில்லை என்பது மட்டும் விளங்கும். எந்த இலக்கண நூலும் இதற்கு மேல் செய்ததில்லை.

திணையியல்

கணினிக்குள் கிடக்கும் கட்டுமானப் பொருள் எல்லாம் அகம், புறம் என இரண்டே. அகமாவது பிம். புறமாவது ஜிஐஎஸ்.

பிம் அகமாவது எங்ஙனம் எனின், சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை அது அறியும். செங்கல்லின் கனம், பூச்சின் கனம், கதவின் கீல் எந்தப் பக்கம், தீப்பிடித்தால் அந்தக் கதவு எத்தனை நிமிடம் தாங்கும், தூணுக்குள் கம்பி எத்தனை என்று கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருக்கும். சன்னலை இரண்டடி தள்ளி வைத்தால் சுவரின் துளையும் கூடவே நகரும். பழைய ஓட்டை தானே அடைபடும். கோடுகளால் ஆன ஆட்டோகேட் படத்துக்கு இந்த ஞானம் கிடையாது. அங்கே சுவரும் கோடு, சன்னலும் கோடு, தவறுதலாக விழுந்த கோடும் கோடு. வரைபடத்துக்குப் பதிலாகக் கட்டடத்தின் விவரணையையே கணினியில் வைத்துவிடலாம் என்று சார்லஸ் ஈஸ்ட்மன் 1975இல் எழுதினார். வரைபடம் ஒழிந்ததா என்று வினவுவோர், இன்றும் பிம் மாதிரியிலிருந்து ஏ1 தாளில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கும் காட்சியைப் போய்ப் பார்த்துக்கொள்க.

அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லலாகாது என்பது பழைய விதி. பிம் இவ்விதியை வழுவாமல் காக்கிறது. ஏதோ ஒரு தூணின் மூலையைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் அளக்கும். தான் வேலூரில் நிற்கப்போகும் ஆஸ்பத்திரியா, விழுப்புரத்தில் நிற்கப்போகும் ஆஸ்பத்திரியா என்பது அதற்குத் தெரியாது. ஊரைச் சொல்ல இடம் உண்டு, சொல்பவர்தான் அரிது. சொல்லாமல் விட்டால் பாஸ்டன் என்று எடுத்துக்கொள்வது ரெவிட் மென்பொருளின் வழக்கம். விழுப்புரத்து ஆஸ்பத்திரியின் மேற்குச் சன்னலுக்கு நிழல் ஆய்வு செய்தவர், பாஸ்டனின் சூரியனை வைத்துச் செய்திருக்கக் கூடும்.

புறத்திணையில் பெயர் சொல்லலாம்; சொல்லியே ஆக வேண்டும். ஊர், வார்டு, தெரு, சர்வே எண் இல்லாமல் ஜிஐஎஸ்ஸில் ஒன்றும் நுழையாது. 1960களில் கனடாவின் நிலவளத்தைக் கணக்கெடுக்க ராஜர் டாம்லின்சன் உருவாக்கிய முறைமையிலிருந்து கிளைத்த குலம் இது. கட்டடம் என்றால் அதற்கு ஒரு பலகோணம். மாடி எத்தனை, கூரை எவ்வளவு உயரம், சொத்துவரி பாக்கி எவ்வளவு என்பவை தெரியும். படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிக்கும்.

அப்படியாயின் சர்வே துறையின் புலப்படம் எத்திணை எனின், கேட்ட கேள்வி நன்று. எஃப்எம்பி என்று வழங்கும் அந்தப் புலப்படம் நிலத்தைப் பற்றியது, அரசுடையது, சர்வே எண் தாங்கியது. ஆகவே புறம் என்று தோன்றும். ஆனால் குறுக்குக் கோடு போட்டு, அதிலிருந்து செங்குத்துத் தூரங்களைச் சங்கிலியால் அளந்து எழுதிய படம் அது. தன் கல்லிலிருந்து பக்கத்துக் கல் எத்தனை மீட்டர் என்று சொல்லுமே ஒழிய, அந்தக் கல் பூமியில் எந்த அட்சரேகையில் நிற்கிறது என்று சொல்லாது. எனவே உடையால் புறம், உள்ளத்தால் அகம். பட்டா வழக்குகள் ஏன் இத்தனை காலம் நடக்கின்றன என்பதற்கு இதில் ஒரு குறிப்பு உண்டு.

நிலமும் பொழுதும் முதற்பொருள். பொழுதைச் சேர்த்தால் பிம் நான்கு பரிமாணம், பணத்தைச் சேர்த்தால் ஐந்து. நாக்பூர் மெட்ரோ ஐந்தாம் பரிமாணத்தில் கட்டப்பட்டது. ஆறும் ஏழும் எவை என்பதில் ஆசிரியர்க்கு ஆசிரியர் கருத்து மாறுபடும் ஆதலின், விற்பனையாளரைக் கேட்டறிக.

நிலவியல்

நிலம் பற்றி இரு சமயத்தார் உளர். உருண்டைவாதிகள், தட்டைவாதிகள். ஜிஐஎஸ்காரர் முன்னவர். பிம்காரர் பின்னவர், வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

ஒரு கிலோமீட்டர் தொலைவில் பூமி, நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் கீழே வளைகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இது ஒரு பொருட்டில்லை. தூரம் பத்து மடங்கானால் வளைவு நூறு மடங்காகும் ஆதலால், பத்து கிலோமீட்டர் மெட்ரோ பாதைக்கு அது 8 மீட்டர். தட்டை உலகில் நேராகப் போட்ட தண்டவாளம் உருண்டை உலகில் இரண்டு மாடி உயரத்துக்குக் கிளம்பிவிடும்.

தட்டைவாதிகளின் உலகம் சிறியதும்கூட. தன் உள் மூலப்புள்ளியிலிருந்து 10 மைலுக்குள் இருந்தால்தான் துல்லியத்துக்கு உத்தரவாதம் என்கிறது ரெவிட். உருண்டைவாதிகள் பூமியைக் கட்டம் போட்டு மீட்டரில் எண்ண வழங்கும் யுடிஎம் கணக்கிலோ, சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 14 லட்சம் மீட்டருக்கும் வடக்கே இருக்கிறது. அந்த எண்ணை அப்படியே மாதிரிக்குள் கொடுத்தால் வட்டம் பலகோணமாகும், கோடுகள் நடுங்கும், ஒட்டியிருந்த சுவர்கள் விலகும். ஆகவே கட்டடத்தைத் தூக்கிச் சுழியத்துக்கு அருகே வைத்துவிட்டு, எவ்வளவு தூக்கினோம் என்பதை எங்காவது எழுதிவைக்க வேண்டும். தூக்குவது எல்லாருக்கும் தெரியும். எழுதிவைப்பவரைத்தான் காணோம்.

உருண்டைவாதிகள் மட்டும் புனிதரா எனின், அன்று. உருண்டையைத் தாளில் விரிக்காமல் அவர்களுக்கும் பிழைப்பில்லை. யுடிஎம் பூமியை 6 பாகை அகலமுள்ள 60 கீற்றுகளாக வெட்டுகிறது. 43ஆம் கீற்றும் 44ஆம் கீற்றும் சேரும் இடம் 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. அது தமிழ்நாட்டை மேலிருந்து கீழாக இரண்டாக வகிர்கிறது. கோவையும் திருநெல்வேலியும் 43. சேலம், கரூர், மதுரை, சென்னை 44. மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நெடுஞ்சாலை வரைபவர், திருமங்கலம் பக்கம் வரும்போது கிழக்கு எண் ஒரு லட்சத்து எழுபதாயிரத்தை ஒட்டிக் குறைந்து, அடுத்த அடியில் எட்டேகால் லட்சத்தைத் தாண்டித் தாவுவதைக் காண்பார். சாலையில் பள்ளம் ஒன்றும் இல்லை. கீற்று மாறியிருக்கிறது, அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. கீற்றின் நடுவே தூரம் சுருங்கும், ஓரத்தில் நீளும். தரையில் அளந்த ஒரு கிலோமீட்டர் சென்னையில் யுடிஎம் கட்டத்தில் 30 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையும். மதுரையில் 80 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடும். பட்டறையில் கர்டர் வெட்டுபவரிடம் "மதுரைக்கு என்றால் கொஞ்சம் நீட்டி வெட்டு" என்று சொல்ல முடியாது. இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் லண்டனின் கிராஸ்ரெயில் திட்டத்தார், தரையளவும் கட்ட அளவும் ஏறக்குறைய ஒன்றாகும்படி தங்கள் ஊருக்கென்றே ஒரு சர்வே கட்டத்தை வகுத்துக்கொண்டனர். இரு சமயத்தாரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க இதைவிட நல்ல வழி இதுவரை எவரும் காட்டவில்லை. பெரிய திட்டம் எதிலும் முதல் மாதம் செய்ய வேண்டிய வேலை இது. நம் பக்கம் பெரும்பாலும் மூன்றாம் வருடம், தூண் தள்ளி நின்ற பிறகு நடக்கிறது.

வடக்கு ஐந்து வகைப்படும். துருவத்தை நோக்கும் உண்மை வடக்கு. காந்த வடக்கு. யுடிஎம் கட்டத்தின் கோடு காட்டும் கட்ட வடக்கு. மதுரையில் இது உண்மை வடக்கிலிருந்து அரைப் பாகை விலகும், நூறு மீட்டர் கட்டடத்தின் மறு முனையில் முக்கால் மீட்டருக்கு மேல் பிசகும். தாளில் கட்டடம் கோணலாகத் தெரியக் கூடாது என்று பிம்காரர் திருப்பிவைத்த திட்ட வடக்கு. ஐந்தாவது, வாஸ்து பார்ப்பவரின் மொபைல் காட்டும் வடக்கு. ஐந்தும் முரண்படும் இடத்தில் ஐந்தாவதே வெல்லும்.

மட்டவியல்

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் மனிதர் ஒருமைப்பட்டதே இல்லை. கடல் மட்டத்திலிருந்து என்பார்கள். எந்தக் கடல்? ரைன் நதியின் ஒரு கரையில் ஜெர்மனியின் லாஃபன்பர்க், எதிர்க்கரையில் சுவிட்சர்லாந்தின் லாஃபன்பர்க். ஜெர்மனி வடகடலை வைத்து அளக்கிறது. சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலை வைத்து. இரண்டு கணக்குக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். பாலம் கட்டியவர்களுக்கு இது தெரியாது என்று எண்ணற்க; நன்றாகத் தெரியும். திருத்தமும் போட்டார்கள். கூட்ட வேண்டிய பக்கம் கழித்துவிட்டார்கள். 2003இல் இரு கரையிலிருந்தும் வேலை நெருங்கியபோது வித்தியாசம் 54 சென்டிமீட்டராக இரட்டித்திருந்தது. அறியாமையால் விளையும் பிழை ஒரு மடங்கு, அறிந்து திருத்துவதால் விளையும் பிழை இரு மடங்கு என்று இதிலிருந்து விதி செய்துகொள்ளலாம்.

ஜிபிஎஸ் கருவி கடலையே கேட்பதில்லை. பூமியைச் சீரான நீள்வட்ட உருண்டை என்று வைத்துக்கொண்டு, அதன் பரப்பிலிருந்து உயரம் சொல்கிறது. உண்மையான கடலோ ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்து, கடல் மட்டம் அந்த நீள்வட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் கீழே தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் அது. அதன் சரிவில்தான் தென்னிந்தியா முழுதும் உட்கார்ந்திருக்கிறது. திருத்தம் போடாத கருவியை மெரினா மணலில் வைத்தால் மைனஸ் எண்பதுக்கும் கீழே காட்டும். புதிதாக வேலைக்கு வந்த பையன் கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புவான். கருவி சரியாகத்தான் இருக்கிறது. வங்காள விரிகுடாதான் அங்கே இறங்கியிருக்கிறது.

இந்த மைனஸ் குறியின் ஆபத்தை அறிந்தவர் லண்டன் சுரங்கப்பாதைக்காரர். கடல் மட்டத்துக்கு 100 மீட்டர் கீழே ஒரு கற்பனை மட்டத்தை வைத்து, எல்லா உயரத்தையும் அங்கிருந்து எண்ணினார்கள். தேம்ஸ் நதிக்கு அடியில் போனாலும் எண் நேர்க்குறியிலேயே நிற்கும். கழித்தல் குறி ஒன்று கண்ணில் தவறிப்போவதால் வரும் விபத்தை, கழித்தல் குறியையே இல்லாமல் செய்து தீர்த்துவிட்டார்கள். இத்துறையில் யாம் கண்ட பெரும் புத்திசாலித்தனங்களில் இது ஒன்று. இதற்குக் கணினியே தேவைப்படவில்லை.

பிம்மின் மட்டம் சுழியம், அதாவது தரைத்தளத்தில் டைல்ஸ் போட்டு முடித்த பரப்பு. சாலையின் மட்டம், சென்ற முறை தார் போட்டவர் விட்ட இடம். பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால், பிறக்கும்போது தெருவைவிட மூன்று படி உயரத்தில் இருந்த வீடுகள் இன்று தெருவுக்குக் கீழே. மாதிரியில் அவை இன்னும் மூன்று படி உயரத்தில்தான் நிற்கின்றன.

அளவையியல்

அறிவு வரும் வழி காண்டல், கருதல், உரை என மூன்று என்பர் சைவ சித்தாந்திகள். நிலத்தடிக் குழாய்களைத் தேடப் புகுந்த வெள்ளைக்காரரும் சுற்றிச் சுற்றி இதற்கே வந்து சேர்ந்திருக்கின்றனர். அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 2002இலும், பிரிட்டன் 2014இலும் வெளியிட்ட தரநிலைகள், பூமிக்கடியில் இருப்பதாகச் சொல்லப்படும் எதையும் ஏ, பி, சி, டி என நான்கு தரமாகப் பிரிக்கின்றன.

டி தரம், அலுவலகப் பழைய படங்களில் இருப்பது, உரை அளவை. சி தரம், தெருவில் நடந்து மேன்ஹோல் மூடி, வால்வு, கம்பம் ஆகியவற்றைப் பார்த்து, இங்கிருந்து அங்கே ஒரு குழாய் போகும் என்று கொள்வது, கருதல். புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் அதே கருதல்தான், மூடியைக் கண்டு சாக்கடையை ஊகிக்கிறது. பி தரம் ரேடார். தள்ளுவண்டியில் வைத்துத் தரையை வருடினால் அலை கீழே போய்த் திரும்பி வரும். மணலில் நன்றாக வேலை செய்யும். ஈரக் களிமண்ணில் அலை அடங்கிப்போகும். எனவே அது காண்டலுக்கும் கருதலுக்கும் நடுவே, சில ஊர்களில் மட்டும் செல்லுபடியாகும் அளவை. ஏ தரம், குழி தோண்டிக் கண்ணால் பார்ப்பது.

ஐந்தாவதாக ஒன்று நம் ஊர்களில் உண்டு; எந்தத் தரநிலையிலும் இல்லை. "அந்தப் புங்க மரத்துக்கு ரெண்டடி தள்ளி, சார்" என்று ஓய்வுபெறப் போகும் லைன்மேன் சொல்வது. வடிவத்தால் உரையே ஆயினும், அவர் அதைப் புதைக்கும்போது பக்கத்தில் நின்றவர் ஆதலால், பயனால் ஏ தரத்துக்கு ஒப்பாகும். புங்க மரம் இப்போது இல்லை என்பது தனிச் சிக்கல்.

இதுவரை ஒரு குறையும் இல்லை. அளவைகளை வகுத்தவர்கள் நேர்மையானவர்கள். குறை இதற்குப் பிறகு வருகிறது. நான்கு தரமும் ஜிஐஎஸ்ஸுக்குள் போனதும் ஒரே கனமுள்ள நீலக் கோடாகிவிடுகின்றன. தரத்தை எழுத அட்டவணையில் ஒரு நெடுவரிசை உண்டு. அது காலியாக இருக்கும். அந்தக் கோட்டை வாங்கிக்கொண்ட பிம், அதற்கு 300 மில்லிமீட்டர் விட்டம் கொடுக்கிறது, கனம் கொடுக்கிறது, பளபளப்பும் நிழலும் கொடுக்கிறது. மென்பொருளை முட்டல் சோதனைக்கு ஓட்டினால், "இந்தத் தூணின் அடித்தளம் இந்தக் குழாயை 42 மில்லிமீட்டர் முட்டுகிறது" என்று அறிக்கை தருகிறது. 42 மில்லிமீட்டர்! குழாய் அந்தத் தெருவில்தான் இருக்கிறதா என்பதே பழைய படம் ஒன்றின் வாக்கு. உரையால் வந்தது, திரையில் சுற்றிச் சுழற்றிப் பார்க்க முடிகிறது என்ற ஒரே காரணத்தால் காண்டலாகிவிட்டது. அதை நம்பி அடித்தளத்தை ஒரு மீட்டர் நகர்த்துவார்கள். உண்மையான குழாய் அங்கேதான் இருக்கும்.

பழைய கோட்டுப் படம் இந்த வகையில் மேலானது. நிச்சயமில்லாததைப் புள்ளிக்கோடாகப் போடுவார்கள். புள்ளிக்கோட்டைக் கண்டால் பொக்லைன் ஓட்டுநரும் வேகத்தைக் குறைப்பார். முப்பரிமாணத்தில் புள்ளிக்குழாய் போடும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. தரம் குறைந்ததைத் திரையில் மங்கலாகக் காட்டுவது மென்பொருளுக்கு ஒரு வேலையே இல்லை; மங்கலான படத்தைக் கூட்டத்தில் காட்ட எவருக்கும் மனம் வருவதில்லை, அதுதான் தடை. தோண்டுமுன் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. தோண்டுபவரையும் குழாய்க்கு உரியவரையும் அது பேசவைக்கிறது. இரண்டு ஆட்களைப் பேசவைப்பது, ஒரு கோட்டை நம்புவதைவிட எப்போதும் நல்லது.

புணரியல்

அகமும் புறமும் கூடும் முறை. பிம் தன்னை ஐஎஃப்சி என்ற மொழியில் எழுதுகிறது. ஜிஐஎஸ் நகரத்தை சிட்டிஜிஎம்எல் என்ற மொழியில் எழுதுகிறது. இவை புணரும்போது இயல்பு புணர்ச்சி நிகழ்ந்ததாக நம்பத்தகுந்தோர் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. விகாரம் மூன்றும் உண்டு.

கெடுதல்: ஐஎஃப்சியில் சுவர் என்பது கனமுள்ள ஒரே பொருள். சிட்டிஜிஎம்எல்லில் அதுவே வெளிப்பரப்பு ஒன்று, உட்பரப்பு ஒன்று என்று இரண்டு தோல்களாகும். நடுவில் இருந்த செங்கல் கெட்டது. திரிதல்: மென்பொருளுக்குப் புரியாத எதுவும் "பதிலி" என்ற பொதுப்பெயரில் வந்து விழும். போன இடத்தில் படிக்கட்டுக் கைப்பிடியும் பதிலி, குடிநீர்த் தொட்டியும் பதிலி. தோன்றல்: யாரும் வரையாத முக்கோணங்கள் கூரையின் மேல் முளைக்கும்.

ஒரு தலைக் காமம் கைக்கிளை. பிம் ஜிஐஎஸ்ஸுக்குத் தன்னைக் கொடுக்கும். ஜிஐஎஸ் பிம்முக்குத் திரும்பத் தருவது அரிது. பொருந்தாக் காமம் பெருந்திணை. இரண்டையும் ஒரே பொத்தானில் இணைத்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் அதன்பாற்படும்.

அகப்புறவியல்

பிற்கால நூலோர் அகத்துக்கும் புறத்துக்கும் நடுவே அகப்புறம் என்று ஒன்றை வைத்தனர். நம் துறையில் அதன் நீளம் சில மீட்டர். கட்டடத்தின் கடைசி ஆய்வுத் தொட்டியிலிருந்து சாலையின் மேன்ஹோல் வரை உள்ள இடம்.

பிம்காரரின் ஒப்பந்தம் மதிலோடு முடிகிறது. உள்ளே சாக்கடைக் குழாயின் சரிவைப் பாகைக்கணக்கில் சொல்லுவார். ஜிஐஎஸ்காரரின் பதிவேடு சாலையின் முதன்மைக் குழாயில் தொடங்குகிறது. மேன்ஹோலின் அடிமட்டத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொல்லுவார். இரண்டையும் சேர்க்கும் குழாய் இருவர் மாதிரியிலும் இல்லை. இவருடைய சுழியத்துக்கும் அவருடைய கடலுக்கும் உறவு என்ன என்று கேட்கும் கடமை எவருடைய வேலைப்பட்டியலிலும் எழுதப்படவில்லை. ஆகவே கட்டடம் முடிந்து, திறப்புவிழா முடிந்து, முதல் மழையில்தான் அந்தக் கணக்கு பார்க்கப்படுகிறது. சாலைக் குழாய் மேலே, வீட்டுக் குழாய் கீழே என்றால் தண்ணீர் எந்தத் திசையில் ஓடும் என்பதற்கு மென்பொருள் வேண்டாம்.

மொழி இல்லாமையே காரணம் என்று முன்பு சொல்லி வந்தனர். ஐஎஃப்சி பிறந்தது கட்டடத்துக்காக. சாலையும் தண்டவாளமும் பாலமும் அதற்கு வெளியே கிடந்தன. 2024இல் பன்னாட்டுத் தரமாக வெளிவந்த ஐஎஃப்சி 4.3 அவற்றையும் உள்ளே சேர்த்துவிட்டது. எந்தக் கட்டத்தில், எந்த மட்டத்தில் நிற்கிறோம் என்று எழுதவும் இடம் கொடுத்திருக்கிறது. எனவே அந்தச் சாக்குப் போயிற்று. மிச்சமிருப்பது கூலி. மதிலுக்கு வெளியே உள்ள சில மீட்டரை அளந்து வரைய யார் யாருக்குப் பணம் கொடுப்பது என்பதை எந்தத் தரநிலையும் சொல்லாது.

ஒழிபியல்

மேலே அடங்காதவை இங்கே.

இடம் எழுதாத தரவுகள், அட்சம் சுழியம், தீர்க்கம் சுழியம் என்ற புள்ளியில் போய் விழும். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் உள்ள அந்த இடத்துக்குச் சுழியத்தீவு என்று உலகெங்கும் கேலிப்பெயர். அங்கே நிலம் இல்லை. வானிலை பார்க்கும் மிதவை ஒன்று இருந்ததுண்டு. உலகின் எல்லா ஊர்களிலிருந்தும் பள்ளிக்கூடங்களும் தண்ணீர்த் தொட்டிகளும் அங்கே போய்க் குவிந்திருக்கின்றன.

1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1808இல் தஞ்சைக் கோயிலின் மேல் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது அது மோதி நசுங்கியது. ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு தட்டி நிமிர்த்தி, தொடர்ந்து அளந்தார். கருவி பிசகினால் அளவை நிறுத்துவதா, கருவியைத் திருத்துவதா என்ற வினாவுக்கு இத்துறையில் இன்றும் அதுவே மேற்கோள்.

ஜிஐஎஸ்ஸில் இன்றும் பெருவழக்காக உள்ள ஷேப்ஃபைல் என்பது ஒரு கோப்பு போலப் பேசப்பட்டாலும், குறைந்தது மூன்று. இடத்தைச் சொல்லும் நான்காவது கோப்பு, மின்னஞ்சலில் அனுப்பும்போது விடுபட்டுப் போவது. அதன் அட்டவணையில் நெடுவரிசைப் பெயர் பத்து பைட்டுக்கு மேல் போகலாகாது என்பது பழைய கட்டுப்பாடு. ஆங்கிலத்தில் பத்து எழுத்து வரும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆதலின், "குழாய்" என்று எழுதினால் ககரமும் உகரக் குறியும் ழகரமும் ஏறி, ஒன்பது பைட்டோடு கதவு சாத்தப்படும். எஞ்சுவது "குழ". இது புறனடை.